ஆறாவது வரி

ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு நலமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லாரியோடு போன உன் மகன் திரும்பிவிட்டானா?

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போன் மணி அடித்தால் என் பேத்தி பஞ்சு சுவரில் தலையை மோதிக்கொள்கிறாள். அதனால் போன்களை ஊமையாக்கி அலமாரியில் போட்டுவிட்டோம்.

உன் வீட்டிலிருந்து வந்த மறுவாரமே அவளை டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஐந்து வயதாகியும் ஏன் பேசவில்லை, ஏன் முகம் பார்க்கவில்லை, ஏன் எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கிறாள் என்று கேட்டோம். இரண்டு நாள் அவளோடு தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். என் மகள் அங்கே அழவில்லை. பஸ்ஸில் அழுதாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் பஞ்சு தண்ணீர் குடித்த டம்ளரை நீ இடுக்கியால் பிடித்துக் கொதிநீரில் போட்டாய். நான் பார்த்தேன். என் மகளும் பார்த்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


ஜனவரி 19

என் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மகன் வந்தான், ஒரு வாரம் தூங்கினான், மறுபடி லாரி ஏறிவிட்டான். மருமகள் மருந்துக்கடையில் காலை எட்டுக்கு நின்றால் இரவு ஏழுக்குத்தான் வீடு. குழந்தையும் துணியும் என் கையில்தான்.

நீ எழுதிய அந்த வார்த்தையை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சீ. நம் வம்சத்தில் யாருக்கு இருந்தது? அப்பாவுக்கா, நமக்கா? உன் மகள் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டுத் தையல் மிஷினே கதி என்று கிடந்தாள். நீயும் சேர்ந்து தைத்தாய். பேச ஆள் இல்லாவிட்டால் பிள்ளை எதைப் பேசும்?

டம்ளர் விஷயத்தில் நான் வெட்கப்பட மாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றவள் நான். சுத்தம் என் ரத்தத்தில் ஊறியது. உன் பேத்தி முதலில் செருப்பை நக்கினாள், அப்புறம் டம்ளரை நக்கினாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

நாக்கைச் சரிசெய்கிற ஆள் ஒருவர் உங்கள் பக்கம் இருக்கிறார். விலாசம் பின்பக்கம். பொடி கொடுப்பார், ஒரே மாதத்தில் பேச்சு வருமாம்.

என் பேரனைப் பார். எட்டு வயது. அம்மா கடையிலிருந்து கொண்டுவரும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் இருக்குமே, அதை ஒரு தடவை படித்தால் போதும், கடைசி எழுத்து வரை ஒப்பிக்கிறான். நேற்று வந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலாவதி தேதிக்குப் பின் உபயோகிக்க வேண்டாம்" என்றான். தாத்தா வந்த வழியே போய்விட்டார். ரேடியோ என்று நான் வைத்த பேர் தெருவுக்கே பிடித்துவிட்டது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மாடிப்படி அதிகம் ஏறாதே.

நீ சொன்ன ஆளிடம் போனோம். போகாவிட்டால் நீ ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாய். நகம் நிறைய அழுக்கு. அந்த விரலைப் பஞ்சுவின் வாய்க்குள் விட்டு நாக்கை இழுத்துப் பார்த்து, "கட்டிக்கிட்டிருக்கும்மா" என்றான். கறுப்புப் பொடி கொடுத்தான். மூன்று நாள் கறுப்பாகவே வாந்தி. என் மகள் பொடியைச் சாக்கடையில் கொட்டினாள். எனக்கு அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஏன் போனோம் என்று என்மேலேயே ஓங்கரிப்பாக வருகிறது.

திரும்பவும் டாக்டரம்மாவிடம் போய்த் தலைகுனிந்து நின்றோம். அவர் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் இதற்கு நாலைந்து பெயர் வைத்திருந்தார்களாம். பேச்சே வராத பிள்ளைக்கு ஒன்று. இரண்டு மூன்று வயது வரை நன்றாகப் பேசிவிட்டுப் பேச்சை இழந்த பிள்ளைக்கு ஒன்று. பெரியவர்கள் மாதிரி நிறையப் பேசி, ஆனால் எதிராளி சிரிக்கிறானா கேலி செய்கிறானா என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு ஒன்று. எதிலும் அடங்காத பிள்ளைக்கு இன்னொன்று. இப்போது எல்லாம் ஒரே பெயருக்குள் வந்துவிட்டது. எவ்வளவு துணை வேண்டும் என்பதை மட்டும் மூன்று படியாகப் பார்க்கிறார்களாம். பஞ்சு மூன்றாம் படி. நாங்கள் வளர்த்ததால் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது, பொடியில் போகாது. பேச்சு வராவிட்டாலும் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கலாம் என்றார்.

அக்கா, கோபப்படாதே. நாங்கள் உன் வீட்டில் இருந்தபோது மிக்சி போட்டதும் ரேடியோ காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போனான். அந்த ஒரே சாம்பல் சட்டையைத்தான் மூன்று நாளும் போட்டான். டாக்டரம்மா மூன்றாவது பெயரைச் சொன்னபோது எனக்கு அவன் ஞாபகம் வந்தது.

உன் தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

நலம்.

உன் வீட்டில் இருப்பதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்காதே. கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? படிக்கும்போதே எனக்கு மேலெல்லாம் கூசியது. எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிற பிள்ளையும், மருந்துக்கடைக்காரருக்கே பாடம் சொல்கிற பிள்ளையும் ஒன்றா? எந்த டாக்டரம்மா அது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்?

சாம்பல் சட்டை அவனுக்குப் பிடிக்கும், போடுகிறான். நான் தினமும் துவைத்துத் தருகிறேன், உனக்கென்ன? மிக்சி சத்தம் எனக்கும்தான் பிடிக்காது.

ஒரு வாரமாக அவனுக்கு வலது காது வீங்கியிருக்கிறது. ஏதோ பூச்சி கடித்திருக்கும். எண்ணெய் போட்டேன். அதற்கும் ஒரு பெயர் எழுதி அனுப்பாதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நீ திட்டியது வந்து சேர்ந்தது. காது வீக்கம் வடிந்ததா? எந்தப் பூச்சி ஒரே காதை ஒரு வாரம் கடிக்கும்?

நான் சண்டைக்கு எழுதவில்லை. பஞ்சுவைச் சின்னப் பள்ளி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். மொத்தம் ஐந்து பிள்ளைகள். ஐந்துக்கும் ஒரே பெயர்தான், ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒருத்தி யார் தொட்டாலும் சிலிர்த்துக்கொள்வாள். ஒருவன் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லி மேலே விழுவான். ஒருவன் ஓயாமல் பேசுவான், கேட்டதற்குப் பதில் மட்டும் வராது. சட்டைக்குப் போடுகிற மாதிரி சின்னது, நடுத்தரம், பெரியது என்று சைஸ் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியாது. ஒவ்வொன்றுக்கும் டேப் வைத்து அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

பஞ்சு அழும்போது, தைத்து முடித்த சீருடைக் கட்டுகளை அவள் மடியில் அடுக்குகிறோம். பாரம் ஏற ஏற அமைதியாகிறாள். நேற்று தண்ணீர் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள், தண்ணீர். டம்ளரில் கொடுத்தேன்.

உன் தங்கை


மார்ச் 28

தங்கைக்கு,

இங்கே சௌக்கியம். நீ தண்ணீர் கொடுத்தது சந்தோஷம்தான். டம்ளர் என்று குத்திக்காட்டாமலும் எழுதியிருக்கலாம்.

என் வயிற்றெரிச்சலைக் கேள். மருமகளுக்கு வாய் நீண்டுவிட்டது. போன வாரம் கொடியில் காய்ந்த சாம்பல் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, பாக்கெட்ல ஏதோ பேப்பர் ஊறிக் கூழாயிருக்கு, பாக்காம போட்டுட்டீங்களா?" என்றாள். "பஸ் டிக்கெட்டா இருக்கும்" என்றேன். "வயசாயிடுச்சு, இனிமே நானே போடறேன் அத்தை" என்கிறாள். என் வாஷிங் மிஷினை! தூ, இந்த வயதில் எனக்கு வந்த பட்டம்.

பேரன் பேச்சில் இப்போது மெருகு ஏறிவிட்டது. மருந்துக் காகிதத்தை விட்டுவிட்டான், பெரிய ஆபீசர் தோரணையில் பேசுகிறான். "இக்கடிதம் கண்ட பதினைந்து நாட்களுக்குள் தவறாமல் நேரில் வரவும்" என்கிறான். "மேற்படி மாணவனின் நலன் கருதி" என்கிறான். எங்கேயோ நோட்டீஸ் பலகையில் பார்த்திருப்பான். மருமகள் வரும்போது தலைவலி என்று வருவாள், "கொஞ்ச நேரம் சும்மா இருடா ரேடியோ" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். பெற்றவளுக்கு அருமை தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் மகளிடம் காட்டவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் உன் சலவைக்கூடத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நர்ஸின் கோட்டில் இருந்த துண்டுச் சீட்டை விட்டுவிட்டேன். எல்லோர் முன்னாலும் என் தலையில் தட்டினாய். "கைய விட்டுப் பாரு, பொரட்டிப் பாரு, ஒதறிப் பாரு. மூணும் பண்ணாத துணி தண்ணியைத் தொடக்கூடாது." முப்பத்திரண்டு வருஷத்தில் உன் கையால் ஒரு குண்டூசி கூட மிஷினுக்குள் போனதில்லை. விருந்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் பாக்கெட்டைக்கூடப் புரட்டியவள் நீ.

உனக்கு வயசாகவில்லை அக்கா. அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கிறாய். படித்திருக்கிறாய். மறுபடி மடித்து அதே பாக்கெட்டில் வைத்து மிஷினில் போட்டிருக்கிறாய்.

அவன் ஒப்பிப்பது நோட்டீஸ் பலகை இல்லை. அவன் கையில் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய கடிதம். படித்ததை அவன் மறப்பதில்லை என்று நீதான் பெருமையாக எழுதினாய். வீட்டில் இரண்டு பேர் காதிலும் தினமும் அவன் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒருத்தி மருந்துக் காகிதம் என்று நினைக்கிறாள். இன்னொருத்திக்கு அது என்னவென்று தெரியும்.

பதினைந்து நாள் எப்போது முடிகிறது?

ஆஸ்பத்திரியில் ஊர்பேர் தெரியாதவர்களின் ரத்தமும் சீழும் கையால் அலசினாய், முகம் சுளிக்க மாட்டாய். ஒரு குழந்தையின் எச்சிலும் ஒரு வார்த்தையும்தான் உனக்குக் குமட்டுகிறது. எனக்கு உன்னைப் பார்த்தால் குமட்டுகிறது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

உன் மருமகளிடம் நீயே சொல்.
தங்கை


ஜூன் 12

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முழங்கால் முடியாமல் படுத்துவிட்டாயோ என்றுகூட நினைத்தேன். நினைத்துப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

பஞ்சு இப்போது பதினொரு படம் எடுத்துக் கொடுக்கிறாள்.

இந்த ஆகஸ்ட் பத்தாம் தேதி வரை பார்ப்பேன். அதற்கு மேல் உன் மருமகளின் கடை விலாசத்துக்கு நானே எழுதுவேன். இப்போதே எழுதாமல் இருப்பதற்கே என்னை எனக்குப் பிடிக்கவில்லை. நீ சொன்னதாக இருக்கட்டும் என்று உனக்காகத் தள்ளுகிறேன். இதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை.

தங்கை


ஆகஸ்ட் 5

தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பையைத் தொலைப்பான் என்று டீச்சர் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்து அனுப்பியிருந்தாள். கையை விட்டேன், புரட்டினேன், எடுத்தேன். என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அந்தக் கடிதத்தைப் படிக்க அரை மணி ஆனது. உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தை அதிலும் இருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள், பள்ளியில் துணை கொடுக்கிறோம், பதினைந்து நாளுக்குள் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். மடித்தேன், உள்ளே வைத்தேன், மிஷினை ஓடவிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் இரண்டு தடவை போன் செய்தாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

காதைப் பூச்சி கடிக்கவில்லை. வகுப்புப் பையன்கள் "ரேடியோவை ஆஃப் பண்றோம்" என்று திருகியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் அதுவும் இருந்தது. நான் வைத்த பேர். பதினைந்து நாள் தாண்டியதும், "வீட்லயே அக்கறை இல்ல, நாம என்ன பண்றது" என்று அவனை வராந்தாவில் தனி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுவரைப் பார்த்த நாற்காலி. தினமும் கொண்டுவிடப் போகும்போது பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து துணி துவைத்தேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். ஜூன் கடைசியில் ஒருநாள் மருமகள் சீக்கிரம் வந்துவிட்டாள். அவள் செருப்பைக் கழற்றும்போது இவன் ஆரம்பித்தான். "அன்புள்ள பெற்றோருக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வாய மூடுடா" என்று அவன் காதைப் பிடித்தேன். அதே வலது காது. திருகினேன்.

நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்துக் காகிதம் இல்லை, கடிதம் இல்லை, பசிக்கிறது என்றுகூட இல்லை. மருமகள் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். நானும் கூடவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, "ஐயோ பாவம் பிள்ளை" என்று நாலு பேரிடம் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது அது. முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் அழுக்கைப் பார்த்தேன், இப்படி ஒரு நாற்றம் பார்த்ததில்லை. சோப்பு போட்டுக் கழுவினாலும் இந்த விரல் இரண்டும் எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது.

முந்தாநாள் ஞாயிறு. மகன் வந்திருந்தான். மதியம் சாப்பிட்டு முடித்து எல்லோரும் மேஜையில் இருந்தார்கள். பேரன் மேஜைக்கடியில். நாற்பது நாளாக அதுதான் அவன் இடம். "உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் எத்தனையோ நாள் சொல்லிக் கேட்டு எனக்கும் அந்தக் கடிதம் மனப்பாடம் ஆகியிருந்தது. அப்படியே ஒப்பித்தேன். "அன்புள்ள பெற்றோருக்கு. தங்கள் மகன் படிப்பில் சிறந்த நினைவாற்றல் உள்ளவன்." மகன், "என்னம்மா இது?" என்றான். நிறுத்தினால் மறுபடி வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், "பதினைந்து நாட்களுக்குள் தவறாமல் நேரில் வரவும்" என்று முடித்தேன்.

மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"பாட்டி, ஆறாவது வரி விடுபட்டுள்ளது."

மறந்து விட்டேனா, வேண்டுமென்றே விட்டேனா, எனக்கே தெரியாது. அவனே சொன்னான். "மாணவனின் வலது காதைச் சக மாணவர்கள் திருகுவதை ஆசிரியை இருமுறை கண்டுள்ளார்."

அப்புறம் அந்தக் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான். "பாட்டி ஒருமுறை."

மகன் குனிந்து அவனை வெளியே தூக்கினான். மருமகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய், சாப்பிட்டுக் கழுவிய கையை மறுபடியும் கழுவினாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று உன் மகள் கொதிநீரில் அந்த டம்ளரைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

பஞ்சுவிடம் சொல்ல எனக்கு எந்தப் படம் என்று தெரியவில்லை. நீயே ஒன்றைத் தேடி எடுத்து அவள் கையில் வை.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

படித்தேன். மன்னிப்பது என் வேலையில்லை, என் மகளும் அப்படித்தான் சொல்கிறாள். உன் மருமகளுக்கு டாக்டரம்மாவின் விலாசத்தையும் வரவேண்டிய நாளையும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன், கடை விலாசத்துக்கு. வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

மன்னிப்புக்குப் படம் இல்லை. "வருகிறேன்" என்பதற்கு இருக்கிறது. அதைப் பஞ்சுவிடம் காட்டினேன். வாங்கி நக்கிப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தங்கை


அக்டோபர் 2

தங்கைக்கு,

முழங்கால் வலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. உன் கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினாயா?

டாக்டரம்மா இரண்டு நாள் அவனோடு இருந்து பார்த்தார். அதே பெயர்தான். முதல் படி என்றார். அதைக் கேட்டதும் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தேன், தங்கச்சி. பஞ்சு மூன்றாவது, என் பேரன் முதலாவது என்று, பரீட்சையில் ரேங்க் வாங்கிய மாதிரி. என் மூஞ்சியைப் பார்த்த டாக்டரம்மா, "பாட்டி, குறைவா உதவி வேணும்னா உதவியே வேணாம்னு அர்த்தமில்ல. இவன் நல்லாப் பேசறதாலயே இவன் கஷ்டம் யார் கண்ணுலயும் படல" என்றார். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. நான் இனி மாறுவேன் என்றெல்லாம் உனக்கு எழுத மாட்டேன்.

மகனும் மருமகளும் பள்ளிக்குப் போய்ப் பேசினார்கள். வராந்தா நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சத்தம் அதிகமானால் போய் உட்கார வகுப்பிலேயே ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ரேடியோ என்று யாரும் கூப்பிடுவதில்லை. பேசுகிறான், பழைய அளவு இல்லை. அம்மாவிடம் நிறைய, அப்பாவிடம் போனில் கொஞ்சம். என்னிடம் தேவைக்கு.

துவைப்பது இன்னும் நான்தான். மருமகள் விட்டுவைத்திருக்கிறாள். ஆனால் தினமும் சாயங்காலம் சாம்பல் சட்டையைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் அவன் என் எதிரில் வந்து நிற்பான். பாக்கெட்டுக்குள் கையை விடுவான், புரட்டுவான், உதறுவான். மூன்றும் செய்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "காலி" என்பான். அப்புறம்தான் சட்டை என் கைக்கு வரும்.

நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பார்த்தே படித்திருக்கிறான்.

அக்கா